லாடம் இல்லாத நாளில் நான் ஓட்டிய குதிரை

அண்ணாவின் வண்டிக்காரர் ரஹீம் பாய் மீது ஒருமுறை விழுந்த பழி என்னுடையது. அண்ணா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், இந்த நினைவு மலரைப் பெறும் உறவினர்களிடம் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

கும்பகோணத்தில் பிறந்த அண்ணா, அப்பா காலமானதும் கம்பெனி உத்தியோகத்துக்காகக் கல்கத்தா வந்து, பவானிப்பூரில் குடியேறி, என்னையும் படிக்கவைத்தார். தமக்கென்று அவர் ஆசைப்பட்டு வாங்கியவை ஒரு வண்டியும், லட்சுமி என்ற செந்நிறக் குதிரையும்தான். ஆயுத பூஜையன்று அவளுடைய லாடங்களைக் கழற்றிக் கழுவிப் பொட்டிட்டுப் பூஜையில் வைப்பார். மறுநாள் விஜயதசமிக்குப் புது லாடம். அந்த ஒரு நாள் அவளுக்கு முழு ஓய்வு.

அந்த நாளில்தான், அண்ணா வெளியே போயிருந்தபோது, துர்க்கை பிரதிமைகளைப் பார்க்க நண்பர்களை ஏற்றிக்கொண்டு கல் பாவிய தெருக்களில் அவளை விரட்டினேன். குளம்பு பிளந்தது. "ரஹீம் பாய் ஓட்டிண்டு போயிருப்பார்" என்றேன். அண்ணா நம்பினார், அவரை வேலையை விட்டு அனுப்பினார்.

குளம்பில் சீழ் வைத்தது. சுட்டுவிடுவதே நல்லது என்றார் குதிரை வைத்தியர். அண்ணா மறுத்தார். லட்சுமியோ புல்லைத் தொடவில்லை. மூன்றாம் நாள் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "நீ திங்கலேன்னா வைத்தியர் சொன்னதைத்தான் பண்ணணும்டி. ஒரு வாய் தின்னேன்" என்று கெஞ்சினார். அவள் யாருக்காகக் காத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும். அனைத்தையும் சொன்னேன்.

அண்ணா அடிக்கவில்லை. "சட்டையை மாட்டிக்கோ. அவர் கால்ல விழுந்து கூட்டிண்டு வா" என்றார்.

கிதிர்ப்பூரில் தம் வீட்டு வாசலில் காலில் விழுந்த என்னை ரஹீம் பாய் தூக்கி நிறுத்தி, "அதை விடுங்க, சோட்டா பாபு. அவ தின்னாளா?" என்று மட்டும் கேட்டார். லாயத்தில் அவர் குரல் கேட்டதும் லட்சுமி கனைத்தாள். அவர் கையிலிருந்த கொள்ளைத் தின்றாள்.

அவளுக்கு மீண்டும் லாடம் அடிக்கும்வரை நானும் செருப்பு அணிவதில்லை என்று அண்ணாவிடம் சொன்னேன்.

"உன் கால் வெடிச்சா அவளுக்கு என்னடா லாபம்? போய் லாயத்தைக் கூட்டு."

மாதக்கணக்கில் கூட்டினேன், வேப்பிலை வெந்நீரில் குளம்பைக் கழுவினேன். புதுக் குளம்பு வளர்ந்தது. மறுபடி வண்டி பூட்டிய அன்று, நான் ஏறினால் நின்றாள், இறங்கினால் ஓடினாள்! அண்ணா கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"நானும் பாயும் மன்னிச்சாச்சு. அவகிட்ட நீயே பேசிக்கோ!"

அவள் கடைசிவரை இசையவில்லை. அவள் இருந்தவரை அண்ணாவின் வண்டிக்குப் பின்னால் நான் நடந்தே போனேன். தெருவே சிரிக்கும், அண்ணா திரும்பித் திரும்பிப் பார்த்துக் கையசைப்பார்.

நோயில் அண்ணாவைக் கவனித்த டாக்டருக்கும், அண்டை வீட்டாருக்கும், அவரைக் கைத்தாங்கலாக நடத்திய ரஹீம் பாயின் மகனுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. அண்ணாவின் இறுதிப் பயணத்திலும் நான் பின்னால்தான் நடந்தேன். பழகிய வழக்கம்.