அடுத்த நாளைக் காட்டாத படமும் புவனா அக்காவும்

மன்னிக்கவும். மற்றவர்களின் பதிவுகளுக்கு லைக் போடுவதோடு சரி, நான் இங்கே எழுதுவதில்லை. இன்று எழுத வேண்டியிருக்கிறது.

புவனா அக்கா இன்று காலை ஏழு மணிக்குப் போய்விட்டார்.

மாத்தளையில் நான் வேலை செய்யும் ஸ்பைஸ் கார்டனுக்கு வந்தவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். வெள்ளைக்காரர்களுக்கு ஏலச்செடியையும் கறுவாவையும் காட்டிப் பிரெஞ்சில் பேசுவாரே... அவர்தான். வயது ஐம்பத்திரண்டு.

எனக்கு அழுகைக்கு முன்னால் நிம்மதிதான் வந்தது. தப்பாக நினைக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

நான் பட்டம் முடித்து, அரச நியமனத்துக்குக் காத்துக்கொண்டே இங்கே கவுன்டரில் சேர்ந்தவள். எங்கள் வீட்டில் கம்பஸ் போன முதல் ஆள். ஆனாலும் ஆட்களோடு பேச வராது. அக்கா ஒன்பதாம் வகுப்போடு நின்றவர். நாற்பத்தேழு வயதில் போனைப் பார்த்தே பிரெஞ்சு படித்தார். சொற்களைத் தமிழ் எழுத்தில் கொப்பியில் எழுதி வைத்துக்கொள்வார்.

அதே வருடம்தான் யட்டவத்தையில் இருந்த கணவர் வீட்டை விட்டு, மகளிடம்கூடச் சொல்லாமல் வெளியே வந்தார்.

"அடிச்சாரா?" என்று கேட்பார்களாம். இல்லை. "குடிச்சாரா?" அதுவும் இல்லை. "அப்ப எதுக்குடி?"

"ஆறு வருசமா அந்த மனுசன் என்கிட்ட ஒரு வார்த்தை பேசல தங்கச்சி. சொன்னா, யாருக்கும் அது ஒரு காரணமாவே படல."

போன வருடம் ஒரு பிரெஞ்சுப் பெண்மணி ஒரு படத்தின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ஐம்பது வயதில் எல்லாவற்றையும் விட்டுப் போகிற ஒருத்தியின் கதையாம். மழையில் டூரிஸ்ட் வேன் ஒன்றும் வராத ஒரு மத்தியானம், என் லெப்டொப்பில் போட்டோம். அக்கா கொப்பியும் பேனையுமாக உட்கார்ந்தார்.

படம்... எப்படிச் சொல்வது. அவள் ஜன்னலோரம் நிற்கிறாள். சிகரெட் பிடிக்கிறாள். மறுபடியும் ஜன்னல். கடைசியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகிறாள். மியூசிக். பெயர்கள் ஓடுகின்றன.

"முடிஞ்சிருச்சா?"

"ஆமாக்கா."

"ரெண்டு மணித்தியாலமா ஜன்னலையே பாத்துக்கிட்டு நின்னாளே... அதத் தொடச்சாச்சும் இருக்கலாம்."

நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை.

"வெளிய வாறது லேசு. அடுத்த நாள் காலையில எந்திரிச்சு என்ன செஞ்சா? அதப் பாக்கத்தான் உக்காந்தேன். அத விட்டுட்டாங்களே."

தன்னுடைய அடுத்த நாளை அன்றுதான் சொன்னார். வாடகை அறையில் எழுந்ததும், பழக்கத்தில் மூன்று பேருக்குத் தேத்தண்ணி ஊற்றிவிட்டாராம். மூன்றையும் தானே குடித்துவிட்டு, எட்டரைக்குத் திறக்கிற கார்டனுக்கு ஆறே முக்காலுக்கே வந்து நின்றாராம்.

"வாச்சர் என்னயப் பாத்து, கறுவா களவெடுக்க வந்தீங்களான்னு கேட்டான்."

இந்த வருடம் நோய் வந்தது. வயிற்றில் கேன்சர். அவருடைய அண்ணன் திரும்பத் திரும்ப வந்தார். "கடைசி காலத்துல புருசன் வீட்டுல கெடக்கிறதுதான் மரியாத."

தனக்குப் பேச்சு நின்ற பிறகு தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ... அக்காவுக்கு அந்த ஒரு பயம்தான். "என்னய அங்க மட்டும் அனுப்பிறாதீங்க" என்று, நோய் கேள்விப்பட்டு வந்து கூடவே தங்கிவிட்ட மகளிடமும் என்னிடமும் மாறி மாறிச் சொன்னார்.

அனுப்பவில்லை. தன் அறையில், தன் கட்டிலில், மகள் பக்கத்திலிருந்து கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோது போனார்.

பத்து மணிக்கு அண்ணன் வேனோடு வந்தார். "இப்பயாச்சும் அவ புருசன் வீட்டுல வச்சு எடுப்போம்."

மகள் எழுந்திருக்கவில்லை. "அம்மா இருந்த எடத்துல இருந்தே எடுப்போம் மாமா. உக்காருங்க, டீ குடிங்க."

அறையை வாடகைக்குக் கொடுத்த முஸ்லிம் உம்மா எழுந்து போய், தன் வீட்டு கேட்டை இரண்டு பக்கமும் திறந்துவிட்டார். பந்தல்காரர்கள் உள்ளே வந்தார்கள்.

அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

போயிட்டு வாங்கக்கா.

கேட்கத் தயங்கிக்கொண்டிருந்தேன், கேட்டுவிடுகிறேன். காலையில் யாரோ அவசரமாகப் போட்ட மரண அறிவித்தலில் கணவரின் யட்டவத்தை விலாசம் இருக்கிறது. அதைப் பகிர்ந்தவர்கள் தயவுசெய்து நீக்கிவிடுங்கள். நாளை பின்னேரம் மூன்று மணிக்கு மாத்தளையில் இருந்துதான் எடுக்கிறோம். வழி தெரியாவிட்டால் இன்பொக்ஸில் கேளுங்கள்.

அங்கே போய்த் தேடாதீர்கள். அக்கா இங்கேதான் இருக்கிறார்.