மலர்ச்சாலையில் நான் பனி தள்ளிய காலை

என் கணவருக்குக் குளிர்காலத்தில் பனி தள்ளுகிற வேலை. கோடையில் புல் வெட்டுவார், வேலி அடைப்பார். ஆனால் அவருக்கு உயிர் என்னவோ பனி தள்ளுவதில்தான். பிக்கப் ட்ரக்கின் முன்னால் பெரிய இரும்புப் பலகையைப் பூட்டிக்கொண்டு கனடாவின் ஸ்காபரோவில் கடைகள், கிளினிக்குகள் என்று ஒவ்வொரு இடத்தின் பார்க்கிங்கையும் துப்புரவாக்குவார். எல்லாவற்றுக்கும் முதல் போவது எங்கள் வீட்டுக்குக் கிட்டவிருக்கும், இறந்தவர்களை வைத்துக் கிரியை செய்யும் மலர்ச்சாலைக்கு.

அந்த மலர்ச்சாலையை எங்கட ஆக்களில் தெரியாதவர் இல்லை. கல்யாணத்துக்கு அழைப்பு வந்தால்தான் போகலாம். செத்தவீட்டுக்கு அது தேவையில்லை, கேள்விப்பட்டால் போதும். தூரத்து ஒஷாவாவுக்கு வீடு மாறிப் போனவர்களும் யாரும் தவறிப்போனால் அங்கேதான் திரும்பி வருவார்கள். ஒரு மண்டபத்தில் ஐயர் கிரியை செய்துகொண்டிருக்க, அடுத்ததில் செபமாலை சொல்லுவார்கள். இரண்டு பக்கத்து ஆட்களும் நடுவில் இருக்கும் சின்ன அறையில் தேத்தண்ணி குடித்தபடி ஆளையாள் விசாரிப்பார்கள். என் மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் எந்தப் படிப்பு நல்லது என்று நான் கேட்டறிந்ததும் அந்த அறையில்தான்.

அந்த இடத்தில் மட்டும் இவர் ஏன் இவ்வளவு மினக்கெடுகிறார் என்று ஒருநாள் கேட்டேன்.

"அங்க வாறவை ஏற்கெனவே உடைஞ்சுபோய் வருகினம். வாசலில வழுக்கியும் விழ வேணுமே?" என்றார்.

அவருக்குத் தோளில் சத்திரசிகிச்சை நடந்த குளிர்காலம் ட்ரக்கை நான்தான் ஓட்டினேன். அவர் பக்கத்துச் சீட்டில் இருந்து சொல்லச் சொல்லப் பழகினேன். பலகையை எவ்வளவு சரிக்க வேண்டும், நடைபாதை விளிம்புக்கு வருமுன் எப்போது தூக்க வேண்டும், தள்ளிய பனியை எங்கே குவித்தால் பிறகு வழியை மறிக்காது என்பதெல்லாம் அவர் வாயால் வந்தவை. முதலில் பயந்தேன். பங்குனி பிறப்பதற்குள் அவர் சீட்டில் சாய்ந்து நித்திரை கொள்ளுகிற அளவுக்கு ஓட்டினேன்.

போன மாசியில் அவர் மாரடைப்பில் போய்விட்டார். காலையில் சப்பாத்துப் போடக் குனிந்தவர் நிமிரவில்லை. அந்த நாட்கள் எனக்குச் சரியாக ஞாபகமில்லை. ஆட்கள் வந்தார்கள், சமைத்துத் தந்தார்கள். நான் அழவில்லை. அழுகை எங்கேயோ அடைத்துப்போய் நின்றது.

கிரியை அன்று விடிந்தபோது பனி கொட்டியிருந்தது. எங்கள் கார் வீட்டு வாசலைவிட்டு அசையவில்லை. வேறு வழியில்லாமல் நானும் மகளும், பலகை பூட்டியபடியே நின்ற அவருடைய ட்ரக்கில் ஏறினோம். வெள்ளைச் சேலையோடு நான் ஓட்டினேன்.

மலர்ச்சாலைக்குப் போனால் பார்க்கிங் எங்கே, தெரு எங்கே என்று தெரியாமல் எல்லாம் ஒரே வெள்ளை. கார்கள் உள்ளே திரும்ப முடியாமல் தெருவோரத்தில் வரிசையாக நின்றன. மனேஜர் வாசலில் போனும் கையுமாக நின்றார். இத்தாலியக் குடும்பத்துப் பிள்ளை. எங்கட செத்தவீடுகளைப் பார்த்துப் பார்த்து தேவாரம், வாய்க்கரிசி என்ற சொற்களெல்லாம் பழகிவிட்டவர். தனக்குத் தெரிந்த எல்லாப் பனி தள்ளுகிறவர்களையும் கூப்பிட்டுப் பார்த்துவிட்டாராம். பின்னேரத்துக்கு முதல் ஒருவராலும் வர ஏலாதாம். மத்தியானம் தகனத்துக்குக் குறித்த நேரம் தவறினால் வேறொரு நாளுக்குத் தள்ளிவைக்க வேண்டியிருக்கும் என்றார். சொல்லும்போது என் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை.

நான் மகளிடம் பூக்கூடையைக் கொடுத்துவிட்டுத் திரும்பவும் ட்ரக்குக்கு நடந்தேன். என் அண்ணை ஓடிவந்து கதவைப் பிடித்தார்.

"உனக்கென்ன விசரே? நீ அவரின்ர தலைமாட்டில இருக்க வேண்டிய ஆள். சனம் என்ன சொல்லும்?"

"சனம் தெருவில நிக்குது, அண்ணை. அவையள் உள்ள வரவேணும். அவரும் வெளியில போகவேணும்."

அவர் கையை எடுக்கவில்லை. மகள் பின்னால் வந்து, "மாமா, லெட் ஹர். விடுங்கோ, அம்மாவுக்குத் தெரியும்" என்றாள். அண்ணை அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு தன் ஜக்கெட்டைக் கழற்றி என் தோளில் போட்டுவிட்டு விலகினார்.

பலகையை இறக்கினேன். முதலில் வெளியே போகும் பாதை. அது திறந்தால்தான் மற்றதெல்லாம் என்று அவர் எப்போதும் சொல்லுவார். பனி ஈரமாக, கனமாக இருந்தது. முதல் தள்ளலில் ட்ரக் மூச்சுத் திணறி நின்றது. பின்னுக்கு எடுத்து, பலகையைக் கொஞ்சம் சரித்து, மெதுவாக அழுத்தினேன். பனி சுருண்டு சுருண்டு ஓரத்துக்குப் போனது. கறுப்புத் தார் தெரிந்தபோது எனக்குள் அடைத்து நின்றதும் உடைந்தது. அழுதழுது தள்ளினேன். ஆனால் கை ஒருதரமும் பிழைக்கவில்லை.

திரும்பிப் பார்த்தபோது தெருவில் நின்றவர்கள் கார்களை விட்டு இறங்கியிருந்தார்கள். டிக்கிகளில் இருந்து பனி அள்ளும் சவல்கள் வெளியே வந்தன. கோட்டுப் போட்ட ஆண்கள், சேலையை உயர்த்திச் செருகிய பெண்கள், வேட்டிக்குக் கீழே பெரிய பூட்ஸ் போட்ட ஐயர் என்று எல்லோரும் படிகளிலும் நடைபாதையிலும் கிடந்த பனியை வெட்டினார்கள். அண்ணையும் சேர்ட்டோடு நின்று வெட்டினார். பலரை எனக்குத் தெரியாது. ஒரு பெண் என் ஜன்னலில் தட்டினாள். தன் தகப்பனின் செத்தவீட்டன்று, சக்கர நாற்காலியில் வந்த தாயைத் தெருவில் இருந்து வாசல்வரை என் கணவர்தான் தள்ளிக்கொண்டு வந்தாராம். இவர் ஒருநாளும் அதை என்னிடம் சொன்னதில்லை.

மண்டபம் நிறைந்தது. கதிரை போதாமல் மனேஜர் பக்கத்து மண்டபத்தின் மடக்குச் சுவரையும் திறந்துவிட்டார். நான் ஈரச் சேலையோடு அவருடைய தலைமாட்டில் போய் நின்றேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. மகள் கிரியை செய்தாள். குரல் நடுங்காமல் தேவாரம் பாடினாள்.

பெட்டியைக் காரில் ஏற்றியதும் மனேஜர் என்னிடம் வந்தார். பிரதான வீதிக்குப் போகும் சின்னத் தெருவை சிட்டியின் பனி தள்ளுகிறவர்கள் இன்னும் தொடவில்லை, நீங்கள் முன்னால் போகிறீர்களா என்று கேட்டார். நானும் மகளும் ட்ரக்கில் ஏறினோம். பனியைப் பிளந்துகொண்டு நாங்கள் முன்னுக்குப் போக, என் கணவர் பெட்டியில் பின்னால் வந்தார். அவருக்குப் பின்னால் கண்ணாடியில் முடிவு தெரியாத அளவுக்குக் கார்கள், எல்லாவற்றிலும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு துக்கத்தையும் அவ்வளவு பெருமையையும் ஒன்றாக நான் அனுபவித்ததில்லை. தகனச்சாலைக்குக் குறித்த நேரத்துக்கு முன்னமே போய்ச் சேர்ந்தோம்.

அடுத்த கிழமை மனேஜர் போன் எடுத்தார். ஆறுதல் சொன்னார், பிறகு கொஞ்சம் தயங்கினார். மிச்சக் குளிர்காலத்துக்கு யாரைப் பிடிக்கலாம், உங்களுக்கு ஆரையும் தெரியுமா என்று கேட்டார்.

"தெரியும். நான்தான் வாறன்" என்றேன் தமிழில். அவருக்கு அது நன்றாகவே விளங்கியது.