மாமனாரின் மூளை அலை

செங்கல்பட்டில் ஒரு நரம்பு டாக்டரின் கிளினிக்கில் பதினான்கு வருடம் ஈ.ஈ.ஜி. எடுத்தேன். தலையில் பசை வைத்து ஒயர்களை ஒட்டி, மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்கிற வேலை. தொண்ணூறுகளில் பெரும்பாலும் வலிப்பு வந்தவர்கள்தான் வருவார்கள். இரண்டாயிரம் பிறந்து சில வருடத்தில் எங்கள் டாக்டர் ஏதோ மாநாட்டுக்குப் போய்விட்டு வந்தார். வயதானவர்களுக்கு மறதி நோய் வரப்போவதை முன்கூட்டியே மூளை அலையில் பிடித்துவிடலாம் என்று அங்கே யாரோ பேசியிருக்கிறார்கள். பேசியவர் 'இன்னும் நிறைய ஆராய வேண்டும்' என்றுதான் முடித்திருப்பார். எங்கள் டாக்டர் அதற்குள் காபிக்கு எழுந்து போயிருக்க வேண்டும். அடுத்த வாரமே வாசலில் போர்டு தொங்கியது: 'மறதியா? மூளை அலை பார்த்துச் சொல்லப்படும்.'

கூட்டம் அள்ளியது. பெற்றவர்களைக் கூட்டிக்கொண்டு பிள்ளைகள் வந்தார்கள். எனக்கு மறதி என்று தானாக வந்தவர் ஒருவர்கூட இல்லை. தலையில் எண்ணெய் இருந்தால் ஒயர் ஒட்டாது என்று சீட்டில் எழுதிக் கொடுப்போம். டாக்டரைப் பார்க்கப் போகிறோமே என்று இன்னும் ஒரு கை கூடுதலாகத் தடவி, படிய வாரிக்கொண்டு வருவார்கள். எங்கள் ஆயா ஷாம்புவும் கையுமாக நிற்பாள்.

"இன்னா பெருசு, தலைல அரை லிட்டர் எண்ணெ கீது! இதுல மூளை எங்கேர்ந்து தெரியும்?"

படுத்த பிறகு கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், ஆனால் தூங்கக் கூடாது. தூங்கினால் அலை மெதுவாகும். மறதி நோயிலும் அலை மெதுவாகும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்கத்தான் என்னைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள். ஆள் கண்ணயர்ந்தால் பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிட வேண்டும். எழாவிட்டால் 'தூக்கம்' என்று பதிவிலேயே குறிக்க வேண்டும். ஏ.சி. அறை, மெத்தை, மதியச் சாப்பாடு. நாள் முழுக்கப் பெரியவர்களின் பெயரை ஏலம் போடுகிற மாதிரி கத்திக்கொண்டிருப்பேன்.

என் மாமனார் அர்ச்சகர். மாமல்லபுரத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் போகிற சாலையை விட்டு உள்ளே ஒரு சின்ன முருகன் கோயில். அர்ச்சனைத் தட்டை நீட்டுகிறவர்களிடம் அவர் எதுவும் கேட்க மாட்டார். சுற்று வட்டாரத்தில் யாருக்கு என்ன கோத்திரம், என்ன நட்சத்திரம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். என் கணவர் படூரில் மூன்றாவது மாடியில் ஃபிளாட் வாங்கி, வந்துவிடுங்கள் என்று அப்பாவை நச்சரித்துக்கொண்டிருந்தார். "ஸ்வாமியை விட்டுட்டு எங்கே வரது?" என்பார் மாமனார். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

அந்த ஃபிளாட்டை விற்ற மனை வியாபாரி ஒரு நாள் கோயிலுக்கு வந்தார். மாமனார் அவருக்குப் பரணி என்று சொல்லி அர்ச்சனை செய்ய, "ரோகிணி சாமி, ரோகிணி!" என்று சன்னதியிலேயே கத்தியிருக்கிறார். அன்று சாயங்காலமே என் கணவருக்குப் போன். "அப்பாவுக்கு வயசாயிட்ச்சி சார், பாத்துக்கங்க." இவருக்கு வேறென்ன வேண்டும்? அடுத்த வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டு, மதியம் மூன்று மணிக்கு அப்பாவை என் கிளினிக்கில் கொண்டுவந்து நிறுத்தினார்.

விடியற்காலை மூன்றரைக்கு எழுந்த மனிதர். உச்சிக்கால பூஜை முடித்து, தயிர் சாதம் சாப்பிட்டு, பஸ்ஸில் குலுங்கி வந்திருந்தார். குடுமியை ஒதுக்கி ஒயர்களை ஒட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஸ்லோகம் முணுமுணுத்தார். ஐந்து நிமிஷத்தில் உதடு நின்றது. திரையில் அலைகள் மெதுவாயின.

கூப்பிட வாயைத் திறந்தேன். பெயர் வரவில்லை.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் அந்தப் பெயரை நான் சொன்னதே இல்லை. எங்கள் வீட்டில் மருமகள்கள் மாமனார் பெயரைச் சொல்ல மாட்டார்கள். அவருக்கு முருகனின் பெயர்களில் ஒன்று. அதனால் முருகனையே நான் வேறு பெயரில்தான் கும்பிடுவேன். எண்ணெய்த் தலைகளைக் கேலி செய்த விஞ்ஞானி நான்! "மாமா" என்று கூப்பிட்டேன், கொசு பாடுகிற சத்தத்தில். தோளைத் தொட்டு எழுப்புவதா? நினைக்கவே கூச்சமாக இருந்தது. ஆயா டீ குடிக்கப் போயிருந்தாள். 'தூக்கம்' என்று குறித்தால், ஏன் எழுப்பவில்லை என்று டாக்டர் கேட்பார். என்ன பதில் சொல்வேன்? பாவம், களைப்பு, தூங்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒன்றும் குறிக்கவில்லை.

டாக்டர் இரண்டு நிமிஷத்தில் ரிப்போர்ட் எழுதினார்: 'மறதி நோயின் ஆரம்ப நிலையாக இருக்கலாம்.' 'இருக்கலாம்' என்ற வார்த்தை என் கணவர் கண்ணில் படவே இல்லை. ஒரே மாதத்தில் கோயிலுக்கு வேறு அர்ச்சகர் வந்தார். மாமனார் ஒரு டிரங்குப் பெட்டியோடு படூர் மூன்றாவது மாடிக்கு வந்தார்.

மூன்று மாதம் கழித்து, பால்கனியில் வேட்டி உலர்த்திக்கொண்டே கேட்டார்.

"ஏம்மா, அன்னிக்கு நான் நன்னா தூங்கிட்டேன். தூங்கினா மிஷினுக்குத் தெரியுமோ?"

"தெரியும் மாமா."

"அப்ப சரி" என்று அடுத்த வேட்டியை எடுத்தார்.

மறுநாள் காலையிலேயே கிளினிக்குக் கூட்டிப்போனேன். அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற வேலையை ஆயாவிடம் கொடுத்தேன். அலைகள் அத்தனையும் சரியாக இருந்தன. புது ரிப்போர்ட்டைக் கணவரிடம் நீட்டி, அன்று நடந்ததையும் சொன்னேன். "மிஷின் வேளைக்கு ஒண்ணு சொல்லும். அதையெல்லாம் நம்பிண்டு" என்றார், முதல் ரிப்போர்ட்டுக்கு லேமினேஷன் போட்டு வைத்திருந்த மனிதர்.

மனை வியாபாரி விஷயத்தை அதற்குப் பிறகுதான் மாமனாரிடம் கேட்டேன். "அவன் ஜாதகத்தை எழுதினதே நான்தாம்மா. பரணிதான். பரணி வியாபாரத்துக்கு ஆகாதுன்னு எந்த ஜோசியனோ மாத்திக் குடுத்திருக்கான்." இதை முன்பே ஏன் சொல்லவில்லை என்றேன். யாரும் கேட்கவில்லையே என்றார். கோயிலில் புது அர்ச்சகர் குடும்பத்தோடு குடியேறியிருந்தார். அவரை எழுந்து போகச் சொல்ல முடியுமா?

படூரில் ஆறு வருடம் இருந்தார். மாதாமாதம் என் நட்சத்திரத்தன்று சமையலறையில் சாமி படம் வைத்த அலமாரி முன்னால் நின்று, என் பெயரைக் கணீரென்று சொல்லி அர்ச்சனை செய்வார். ஒரு மாதம்கூடத் தவறவில்லை.

அவர் போன அன்று ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் நான்தான் நின்றேன். பேஷன்ட் பெயர் என்ன என்று கிளார்க் கேட்டார். சொன்னேன்.

"சத்தமா சொல்லும்மா, காதுலயே விழல" என்றார்.