அரிக்காத கைக்கும் களிம்பு

“சிரங்கோட வர்றவனைத் தனியாப் பாக்காதேப்பா, அவனோட...” ரங்கூனில் எனக்கு வேலை கொடுத்த கிழ டாக்டர் அடிக்கடி சொல்வார். ‘பாயையும் பார்’ என்று முடித்தாரா, ‘வீட்டையும் பார்’ என்று முடித்தாரா, இப்போது நினைவில்லை. ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து ஊர் திரும்பியபோது பல சாமான்களோடு அதுவும் வழியில் விழுந்துவிட்டது.

கம்பவுண்டர் தொழிலில் பாதி, கந்தகத்தைத் தேங்காயெண்ணெயில் குழைப்பது. மீதிப் பாதி, குழைத்ததைப் பூசிக்கொள்ளச் சம்மதிக்க வைப்பது. இரண்டாவதற்கு நான் படித்த இங்கிலீஷ் ஒருநாளும் உதவியதில்லை. சிரங்கு என்று படித்ததுமே உங்கள் கை எங்கேயோ போகிறது, பார்த்தீர்களா? போகட்டும், நாமெல்லாம் ஒரே ஜாதி.

மூக்கைப் பிடித்தவர்

விழுப்புரத்தில் நான் வேலை பார்க்கும் சின்ன ஆஸ்பத்திரிக்குக் கோலியனூரிலிருந்து கோவிந்தன் என்ற மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விவசாயி வந்தார். கூடவே புது மனைவி வேதவல்லி. மணிக்கட்டு, இடுப்பு எல்லாம் சொறிந்து சொறிந்து புண். கழுத்துக்குக் கீழே ஓரிடம் விடாமல் பூச வேண்டும், துணிமணியைக் கொதிக்க வைக்க வேண்டும், வீட்டில் எல்லாரும் சேர்ந்தே பூசிக்கொள்ள வேண்டும் என்றேன். கோவிந்தன் களிம்பை முகர்ந்து பார்த்துவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு டப்பாவைத் தள்ளி வைத்தார்.

“அரிக்கிறது அவளுக்கு. நானும் எங்கம்மாவும் இன்னாத்துக்கு சார் இந்த நாத்தத்துல குளிக்கணும்?”

திண்டிவனத்துச் சீர்

வேதவல்லி திண்டிவனத்தில் தாய்வீட்டுக்குப் போய்த்தான் பூசிக்கொண்டாள். நன்றாகக் குணமாகிக் கோலியனூர் திரும்பினாள். மறுநாளே பழையபடி அரிப்பு. இந்தத் தடவை மாமியார் அஞ்சலையம்மாளே அழைத்து வந்தார். அந்தப் பெண் சொறியவும் பயந்து, முந்தானைக்குள் கையைச் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

“பாத்துக்கோங்க கம்பவுண்டரே, பொறந்த வூட்டுல மறுக்கா வாரிக்கினு வந்திருக்கா. எங்களுக்கு யாருக்கும் ஒண்ணுமில்ல. பேஜாரே வேணாம், இனிமே அவ அங்கியே இருந்துக்கட்டும்!”

விரல் இடுக்கு

எனக்கு அங்கேதான் உறுத்தியது. இந்தப் பூச்சி முதல் தடவை ஒட்டினால், உடம்பு அதை அடையாளம் கண்டு அரிக்கத் தொடங்க ஒரு மாதம்கூட ஆகும். ஒருமுறை பார்த்துவிட்ட உடம்போ உடனே சண்டைக்குப் போகும். சில உடம்புகள் கண்டுகொள்வதே இல்லை. வேதவல்லிக்குத் திண்டிவனத்தில் ஒட்டியிருந்தால் அங்கேயே அரித்திருக்க வேண்டுமே! அப்படியானால் ஒட்டியது கோலியனூரில், அரிக்காத யாரிடமிருந்தோ.

நாடி பார்க்கிற சாக்கில் அஞ்சலையம்மாளின் கையை வாங்கினேன். விரல் இடுக்கில், பென்சிலால் கீறியதுபோல, பூச்சி தோண்டிய வளைகள். அதை உரக்கச் சொன்னால் அம்மாளுக்கு அவமானம். அந்த அவமானம் வீட்டில் யார் தலையில் விடியும் என்று உங்களுக்கே தெரியும்.

“இது ரங்கூன் சிரங்கும்மா,” என்றேன். “என்னை மாதிரி ஓடியாந்தவங்க ரயில்ல கொண்டாந்தது. விழுப்புரம் ஜங்ஷன் பக்கம் வந்துபோற வூட்டுலல்லாம் இருக்கு. அரிச்சாலும் அரிக்கலைன்னாலும் மொத்த வூடும் ஒரே நாள்ல பூசிக்கணும்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“அதானே பாத்தேன்! நீங்கள்லாம் வந்தப்புறந்தான் ஊரே சொறிஞ்சிக்கினு கெடக்குது.”

செத்த பூச்சி

மூன்று பேரும் பூசிக்கொண்டார்கள். கொஞ்ச நாள் கழித்து அஞ்சலையம்மாள் மருமகளோடு வந்து நின்றார். இவள் இன்னும் சொறிகிறாள். இன்னொரு டப்பா கொடுங்கள், அதற்கும் கேட்காவிட்டால் திண்டிவனம்தான் என்றார். வேதவல்லியின் கையைப் பார்த்தேன். புதுக் கோடு ஒன்றுமில்லை. இதற்கு மேல் பூசினால் தோல்தான் வெந்துபோகும்.

“பூச்சி செத்துப்போச்சும்மா. அது செத்தது உடம்புக்குத் தெரிய நாளாவும். அது வரைக்கும் கோச்சிக்கினுதான் இருக்கும். தானா அடங்கிடும்.”

அஞ்சலையம்மாள் மருமகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எங்க மாமியா செத்து எத்தினி வருசமாச்சு, நான் இன்னும் திட்டிக்கினுதான் இருக்கேன். அது மாதிரிதானே? அப்ப சரி, இருக்கட்டும் அவ.”

அன்றிலிருந்து, யார் வீட்டு மருமகள் சிரங்கோடு வந்தாலும், அது ரங்கூன்காரர்கள் கொண்டுவந்தது என்றே சொல்வதென்று முடிவு செய்தேன்.