அட்டையில் இருந்த வெள்ளை நாய்

எங்கள் நாயைப் பற்றி நான் எழுதிய புத்தகம் சென்னையிலிருந்து ஓசூருக்குப் பார்சலாக வந்த அன்று, பெட்டியைப் பிரித்தவள் என் மகள். அப்போது ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோல் தேடப் பொறுமையில்லாமல் டேப்பைப் பல்லால் கடித்து இழுத்தாள். முதல் பிரதியைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அம்மா, இது யாரு?"

அட்டையில் ஒரு வெள்ளை நாய் உட்கார்ந்திருந்தது. இப்போதுதான் ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டிய மாதிரி புசுபுசுவென்று, கழுத்தில் சிவப்பு ரிப்பன் வேறு. எங்கள் நாய் கருப்பு. மூக்கிலிருந்து வால்வரை கருப்பு. இடது காது எப்போதும் பாதி மடங்கியே இருக்கும். ரிப்பன் கட்டினால் ரிப்பனைத் தின்றுவிடுவான். புத்தகத்தின் நாயகன் அந்த நேரத்தில் காலிப் பெட்டியை மோந்து பார்த்து, அதற்குள் படுக்க இடம் போதுமா என்று சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான்.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! செருப்பைக்கூடப் போடாமல் தெருமுனைக்கு ஓடி, எஸ்.டி.டி. பூத்திலிருந்து பதிப்பாளரைக் கூப்பிட்டேன்.

"நீங்க அனுப்புன போட்டோ நல்லாத்தான் இருந்துச்சும்மா" என்றார் அவர், ரொம்பக் கனிவாக. "ஆனா கருப்பு நாய் அட்டையில எடுக்காது பாருங்க. வெள்ளைன்னா கடையில தூரத்துல இருந்தே தெரியும். அதான் டிசைனர் நல்ல படமா ஒண்ணு பாத்துப் போட்டாரு."

"ஏங்க, மாப்பிள்ளை கருப்புன்னு கல்யாணப் பத்திரிகையில பக்கத்து வீட்டுக்காரன் போட்டோவைப் போடுவீங்களா?"

அவர் சிரித்தார். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. "ரெண்டாம் பதிப்புல பாத்துக்கலாம்மா" என்று வைத்துவிட்டார். முதல் பதிப்பே இன்னும் ஒரு மனுஷர் கைக்குப் போகவில்லை, இவருக்கு இரண்டாம் பதிப்பாம்.

இவனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். உத்தனப்பள்ளியில் ஒரு தக்காளித் தோட்டத்தில் பிறந்தவன். தக்காளி வாங்கப் போன என் கணவர் தக்காளிப் பையோடு இவனையும் தூக்கிக்கொண்டு வந்தார். தோட்டக்காரர் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். அதனால் இன்றுவரை "உட்காரு" என்றால் நம்மை ஏற இறங்கப் பார்ப்பான். "கூர்ச்சோ" என்றால்தான் உட்காருவான். கறிச்சோறும் தக்காளியும் ஒரே தட்டில் வைத்தால் முதலில் தக்காளியைத்தான் தின்பான். இப்படிப்பட்ட சங்கதிகள்தான் என் புத்தகம் முழுக்க. பெரிய இலக்கியம் ஒன்றுமில்லை. ஆனால் ஒரு வரிகூடப் பொய்யில்லை.

அதனால்தான் மறுநாள் பள்ளியில் நடந்தது எனக்கு அவ்வளவு உறைத்தது. அட்டை தப்பென்று தெரிந்தும் மகள் ஒரு பிரதியை வகுப்புக்குக் கொண்டுபோனாள். "வந்ததும் காட்டுறேன்னு எல்லாருகிட்டயும் சொல்லிட்டேன்மா, எப்படிக் காட்டாம இருக்கிறது?" என்றாள். சாயங்காலம் வந்தவள் பையைக் கட்டிலில் வீசிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எங்கள் தெருவிலேயே இருக்கும் ஒரு பெண், கன்னடக்காரர் வீட்டுப் பெண், என் மகளுடைய வகுப்புத்தான். தினமும் எங்கள் நாயைப் பார்க்கிறவள். அட்டையைப் பார்த்ததும் எழுந்து நின்று சொல்லியிருக்கிறாள்: "இது அவங்க வீட்டு நாயே இல்ல. அவங்கம்மா புக்கு முழுக்கப் புளுகு." அதோடு வகுப்பே "புளுகு, புளுகு" என்று பிடித்துக்கொண்டதாம்.

இதற்கு நடுவில் ஒரு அழைப்பு. அடுத்த வார வெள்ளிக்கிழமை பள்ளி இலக்கிய மன்றத்தில் நான் வந்து பேச வேண்டும், முடிந்தால் நாயையும் கூட்டிவர வேண்டும் என்று தலைமையாசிரியை சொல்லி அனுப்பியிருந்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. ஆனால் மகள் திரும்பாமலே சொன்னாள்.

"நீ வராதம்மா. வந்தீன்னா நான் அன்னிக்கு லீவு."

பெற்ற மகளுக்கு என்னைக் கண்டு வெட்கம் என்பது தாங்கக்கூடியதாக இல்லை. நேரே அந்தப் பெண் வீட்டுக்குப் போய் நாலு வார்த்தை கேட்டுவிடுகிறேன் என்று முந்தானையைச் செருகிக்கொண்டு கிளம்பினேன். அந்த நேரம் பார்த்து என் கணவர் ஷிஃப்ட் முடித்து உள்ளே வந்தார். சிப்காட்டில் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் இவருக்குத் தரச் சோதனை வேலை. ஓசூருக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் பேச்சு மட்டும் கோவில்பட்டியை விட்டு வரவில்லை. நடந்ததைக் கேட்டார். புத்தகத்தை முன்னும் பின்னும் திருப்பினார். அதன் முதுகைத் தட்டிப் பார்த்தார்.

"மெட்டீரியல்லாம் ஓகே. லேபிளுதான் தப்பு. இதுக்கு எதுக்கு ரெண்டு பேரும் அழுதிய? ரீவொர்க் பண்ணிருவோம்."

நான் அழவில்லை, கத்திக்கொண்டிருந்தேன். அவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

அடுத்த நாளே பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஸ்டூடியோவுக்கு எங்கள் நாயைக் கூட்டிப்போனோம். ஸ்டூடியோக்காரர் பின்னால் அருவி வரைந்த திரையைத் தொங்கவிட்டார். அவன் கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அருவியைப் பார்த்து உறுமினான். "கொஞ்சம் சிரிச்ச மாதிரி வைங்கம்மா" என்றார் ஸ்டூடியோக்காரர், பழக்கதோஷத்தில். கடைசியில் இவர் கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு தக்காளியைத் தூக்கிப் பிடித்து "கூர்ச்சோ" என்றார். மடிந்த காதும் ஏங்குகிற கண்ணுமாக அவன் உட்கார்ந்தான். கருப்பு எடுக்காது என்று யார் சொன்னது? அவ்வளவு அழகாக எடுத்தது.

அந்தப் படத்தை, மோட்டார் பைக் நம்பர் பிளேட் ஒட்டும் கடையில் கொடுத்து ஸ்டிக்கராக அடித்து வாங்கினார். "மழையில போனாலும் அசையாதுங்க" என்று கடைக்காரர் உத்தரவாதம் கொடுத்தாராம். புத்தகம் எதற்கு மழையில் போகப்போகிறது என்று நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கூடம் கம்பெனியாகிவிட்டது. பாயை விரித்து எங்கள் இரண்டு பேரையும் வரிசையாக உட்காரவைத்து, கடைசியில் தானும் உட்கார்ந்தார். மகள் அட்டையைத் துணியால் துடைத்துத் தள்ள வேண்டும், நான் ஒட்ட வேண்டும், அவர் சோதிக்க வேண்டும். எல்லா ஸ்டிக்கரும் ஒரே இடத்தில் விழுவதற்காகக் காலண்டர் அட்டையை வெட்டி ஒரு சட்டம் செய்திருந்தார். அதற்கு ஜிக் என்று பெயர். அதைப் புத்தகத்தின் மேல் பொருத்தி, நடுவில் இருக்கும் ஓட்டைக்குள் ஸ்டிக்கரை வைத்தால் போதும், கண்ணை மூடிக்கொண்டு ஒட்டலாம் என்றார். நான் கண்ணைத் திறந்துகொண்டு ஒட்டியதையே ஸ்டீல் ஸ்கேல் வைத்துப் பார்த்துத் திருப்பி அனுப்பினார்.

"கோணல். ரிஜெக்ட்."

"எழுதினவ நானு. என் புக்கையே எனக்கு ரிஜெக்ட் பண்றீங்களா?"

"எழுத்துல நான் தலையிட்டேனா? ஒட்டுறதுலதான் சொல்லுதேன்."

மகள் முதல்முறையாகச் சிரித்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சிரித்தாள், ஆனாலும் நான் பார்த்துவிட்டேன். அவன் எங்கள் நடுவில் வந்து படுத்துக்கொண்டு, ஸ்டிக்கரிலிருந்து உரித்துப் போட்ட தாளையெல்லாம் மென்று துப்பிக்கொண்டிருந்தான்.

பாதிக்கு மேல் முடித்த பிறகு மகள்தான் ஒரு பிரதியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். "அப்பா, இங்க பாரு." ஸ்டிக்கர் கச்சிதமாகத்தான் உட்கார்ந்திருந்தது. ஆனால் இவர் ஜிக்கை வெட்டும்போது வெள்ளை நாயின் முகத்தையும் உடம்பையும் அளந்தவர் வாலை அளக்க மறந்துவிட்டார். எங்கள் கருப்பனின் முதுகுக்குப் பின்னாலிருந்து, பஞ்சு மிட்டாய் மாதிரி ஒரு வெள்ளை வால் நீட்டிக்கொண்டிருந்தது. எல்லாப் பிரதியிலும் அப்படியே, ஒரே அளவில், ஒரே இடத்தில்.

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை. தரச் சோதனைக்காரர் இல்லையா, முகம் செத்துவிட்டது. கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு எழுந்து போய் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொண்டுவந்தார். கம்பெனியில் அளவு சற்றுத் தப்பிய உருப்படியைக்கூட, வாங்குகிறவர் தெரிந்தே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் அனுப்பிவிடலாமாம். அதற்கு டீவியேஷன் என்று பேர்.

"வாங்குறது யாரு?" என்றேன்.

"வேற யாரு? இவதான்" என்று தாளை மகள் பக்கம் தள்ளினார். "நல்லா பாத்துக்கோ தாயி. வாலு மட்டும் வெள்ளை, மத்ததெல்லாம் நம்ம புள்ளதான். சம்மதம்னா போடு, இல்லாட்டி எல்லாத்தையும் பிரிச்சு மறுபடி ஒட்டுதேன்."

அவள் அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பாயில் தாளை மென்றுகொண்டிருந்தவனைப் பார்த்தாள். பிறகு முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். "ஆனா ஸ்கூல்ல என் பக்கத்துல வந்து உக்காரக் கூடாது" என்றாள் என்னிடம். சரி தாயே என்றேன்.

வெள்ளிக்கிழமை இவர் மொபெட்டின் முன்னால் அவனை நிற்கவைத்து, பின்னால் என்னை ஏற்றிக்கொண்டு பள்ளிக்கு வண்டியை விட்டார். மகள் லீவு போடவில்லை. கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் பாதி மறைந்து உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு பிள்ளைகளைக் கண்டதும் எங்கள் வீரன் மேசைக்கு அடியில் புகுந்துகொண்டான். "வா, வா" என்று தமிழிலும் "பா, பா" என்று கன்னடத்திலும் பிள்ளைகள் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அசையவில்லை. நான் என்னென்னவோ பேசினேன். கேள்வி கேட்கலாம் என்று தலைமையாசிரியை சொன்னதும் முதலில் எழுந்தவள் அந்தத் தெருக்காரப் பெண்தான்.

"ஆன்ட்டி, நீங்க லைப்ரரிக்குக் குடுத்த உங்க புக்கை நான் முழுசாப் படிச்சிட்டேன். இவன் தக்காளி தின்னுவான்னு எழுதியிருக்கீங்க. எங்க தெருவுல இவன் தக்காளி தின்னு நான் பாத்ததே இல்ல."

"தெருவுல யாரும்மா அவனுக்குத் தக்காளி குடுக்கிறாங்க?" என்றேன்.

அவள் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த கையை நீட்டினாள். ஒரு தக்காளி! சோதனை செய்யத் தயாராகவே வந்திருக்கிறாள். அவள் மேசையருகே போய்க் குனிந்தாள். இவன் அன்றைக்குப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டால் என் கதி என்ன, என் மகள் கதி என்ன? தூணுக்குப் பின்னாலிருந்து மகள் எழுந்துவிட்டாள்.

மேசைக்கு அடியிலிருந்து முதலில் மூக்கு வந்தது, அப்புறம் மடிந்த காது. ஒரே கவ்வு. விதையும் சாறும் தலைமையாசிரியையின் பட்டுப்புடவைக் கரைவரை தெறித்தன. பிள்ளைகள் கத்திய கத்தலில் பக்கத்து வகுப்பு டீச்சர் ஓடிவந்தார். அந்தப் பெண் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே, நீதிபதி மாதிரி சொன்னாள்: "சரி, இது அந்த நாய்தான்." உடனே புத்தகத்தைத் தூக்கிக் காட்டினாள். "அப்ப இந்த வெள்ளை வாலு யாருது?"

நான் வாயைத் திறப்பதற்குள் கடைசி வரிசையிலிருந்து என் மகள் குரல் வந்தது.

"அது டீவியேஷன்! நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்!"

யாருக்கும் ஒன்றும் புரிந்திருக்காது. ஆனால் அவ்வளவு பெருமையாகச் சொன்னால் நம்பாமல் என்ன செய்வார்கள்? அன்று திரும்பும்போது மொபெட்டில் இடமில்லை என்று அவளும் நானும் நடந்தே வந்தோம். வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

அதன்பிறகு வெள்ளை வாலோடு நானும் ஊர் ஊராகப் போனேன். கிருஷ்ணகிரியில் ஒரு கூட்டத்தில், மாம்பழ மண்டிக்காரர் போலிருந்த ஒருவர் எழுந்து, "கடைசியில அது செத்துப் போகுதுங்களா? அப்படின்னா நான் படிக்க மாட்டேன்" என்றார். "ஏங்க, இப்பத்தான் அவனுக்குச் சோறு வச்சிட்டுப் பஸ் ஏறி வர்றேன்" என்று சண்டைக்குப் போனேன். அவர் சந்தோஷமாக ஒரு பிரதி வாங்கிக்கொண்டார்.

பொங்கல் கழித்துப் பெற்றோர் கூட்டத்துக்காக மகளின் பள்ளிக்குப் போயிருந்தேன். நூலக அறையில் நான் கொடுத்த பிரதி இருந்தது. எத்தனை கை பட்டதோ, ஓரமெல்லாம் மடங்கிக் கிடந்தது. ஸ்டிக்கர் மட்டும் கடைக்காரர் சொன்ன மாதிரி அசையவில்லை. ஆனால் எங்கள் நாயின் கன்னத்தில் என்னவோ வெள்ளையாக ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டப் போனேன்.

"அம்மா, சுரண்டாத!" என்று மகள் கையைப் பிடித்தாள். "அது திருஷ்டிப் பொட்டு. எல்லாரும் இவனையே பாக்குறாங்களாம், கண்ணு பட்டுடுமாம். இவன் கருப்பா இருக்கானில்ல, கருப்புல வச்சா தெரியாதுன்னு வொயிட்னர்ல வச்சிருக்கா."

"யாரு?"

"யாரா? தக்காளிக்காரிதான்."

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. அவனைத் தூக்கி வந்த நாளிலிருந்து எங்களில் ஒருவருக்குக்கூட அவனுக்குப் பொட்டு வைக்கத் தோன்றியதில்லை.

பதிப்பாளர் சொன்ன அந்த இரண்டாம் பதிப்பு ஒருவழியாக வந்தது. இந்த முறை அவன் படத்தையே போடுகிறோம், ஸ்டூடியோவில் எடுத்ததை அனுப்புங்கள் என்றார். அனுப்புவதற்கு முன் மகள் வொயிட்னரை எடுத்து, அதே கன்னத்தில், அதே அளவில் ஒரு பொட்டு வைத்துக் கொடுத்தாள். படம் போய்ச் சேர்ந்ததும் பதிப்பாளர் தெருமுனை பூத்துக்கு போன் போட்டு என்னைக் கூப்பிட்டார்.

"படம் பிரமாதம்மா. கன்னத்துல மட்டும் ஏதோ வெள்ளையா பட்டிருக்கு. கம்ப்யூட்டர்ல எடுத்துடச் சொல்லவா?"

"அதுல மட்டும் கை வச்சீங்க," என்றேன், "பஸ் ஏறி அங்கேயே வந்துடுவேன்."