மணிக்கட்டில் கட்டிய பச்சை நூல்

விசைத்தறியில் நிற்பவனுக்குக் கையும் கண்ணும் தறியிலேயே இருக்கும். வெளிவேலை மறந்துவிடாமலிருக்க நாங்கள் மணிக்கட்டில் நூல் கட்டிக்கொள்வோம். ஒரு வேலைக்கு ஒரு நூல். முடித்ததும் அவிழ்த்துவிடுவோம்.

என் மகள் எட்டாம் வகுப்பு படித்தபோது, தென்காசியில் நடக்கவிருந்த ஓட்டப் பந்தயத்துக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அவளிடம் இருந்தது ஒரே ஜோடி ஷூ. அடி பிளந்திருந்ததால் பஸ் ஸ்டாண்ட் பக்கம் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்திருந்தேன்.

"சாயங்காலம் மறக்காம வாங்கிட்டு வந்துருங்க யப்பா. காலைல மொத பஸ்ஸுக்குப் போவணும்" என்றாள்.

தறிக்குப் போனதும் பச்சை நூல் ஒன்றை இடது கையில் சுற்றி முடிந்தேன். பக்கத்துத் தறிக்காரர் சத்தத்துக்கு மேலே கத்தினார்.

"என்ன வே, ஓடிருவீருன்னு வீட்டம்மா கட்டிப் போட்டு அனுப்புதாவளா?"

"மவ ஷூ வே. மறந்தேன்னா வீட்டுக்குள்ள விட மாட்டா."

மத்தியானத்துக்கு மேல் சேலையின் நெடுக்கு இழைகள் அடிக்கடி அறுந்தன. அறுந்த இடத்தில் துண்டு நூல் வைத்து முடிய வேண்டும். தறியில் தொங்கவிட்டிருந்த துண்டுகள் தீர்ந்துபோயின. சேலையும் பச்சைதான். என் வலது கை, என்னைக் கேட்காமலே, மணிக்கட்டு நூலை உருவி இழையோடு முடிந்தது. தறி ஓடியது. நூல் சேலைக்குள் போய்விட்டது. ஷூவும் நினைவை விட்டுப் போய்விட்டது.

இருட்டியபின் வீட்டுக்குப் போனேன். "ஷூ எங்க யப்பா?" என்றாள்.

மணிக்கட்டைப் பார்த்தேன். சைக்கிளைத் திருப்பி மிதித்தேன். செருப்புத் தைப்பவர் பெட்டியைப் பூட்டிவிட்டுப் போயிருந்தார். அவருக்குக் குருவிகுளம் பக்கம் ஏதோ ஊர் என்றார்கள் பக்கத்துக் கடைக்காரர்கள். எந்த ஊரென்று யாருக்கும் தெரியவில்லை.

"பிள்ள கேட்டது ஒண்ணே ஒண்ணு" என்றாள் என் மனைவி.

"விடும்மா. வெறுங்கால்ல ஓடுதேன். எத்தன பேரு ஓடுதாவ" என்றாள் மகள்.

மறுநாள் சாயங்காலம் குதிகாலை ஊன்றி ஊன்றி வந்தாள். உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம்.

"மண்ணு கொதிச்சிட்டு யப்பா. பாதியில நின்னுட்டேன்."

எண்ணெய் தடவிவிட்டேன். மறுநாள் அந்தக் காலோடு தானே போய் ஷூவை வாங்கி வந்தாள்.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் எந்த வேலையும் சொல்லவில்லை. எல்லாம் அவளே பார்த்துக்கொண்டாள். கெட்டிக்காரப் பிள்ளை என்று தெருவில் சொல்வார்கள். எனக்குச் சங்கடமாக இருக்கும்.

பிள்ளைகளா, உங்கள் அப்பா ஒன்றை மறந்துவிட்டால் கோபப்பட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அடுத்த வேலையையும் அவரிடம் சொல்லுங்கள்.

இப்போது அவள் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். போன வாரம் வந்திருந்தபோது செருப்பு வார் அறுந்திருந்தது.

"குடு மக்கா, தைச்சிட்டு வாரேன். இப்பல்லாம் போன்ல அலாரம் வச்சிருதேன், மறக்க மாட்டேன்."

"வெயில்ல நீங்க ஏன் அலையணும் யப்பா? போற வழியில நானே தைச்சுக்கிடுதேன்."

அவள் குரலில் கோபமே இல்லை. அறுந்த செருப்பை இழுத்துக்கொண்டே பஸ்ஸுக்கு நடந்தாள்.