பூட்டிய ஃப்ரீசரில் ஆன்டிபாடி

ஆராய்ச்சி மாணவியாக இருந்த காலத்தில் இறால் வாங்கியே என் பாதி ஆயுள் போயிற்று. பண்ணைகளை நாசமாக்கிக்கொண்டிருந்த வெள்ளைப்புள்ளி வைரஸ் இறாலின் செல்லுக்குள் எப்படி நுழைகிறது என்பது என் தலைப்பு. செல் ஒரு பொருளை விழுங்கும்போது அதைச் சுற்றிக் கூடை முடைகிற புரதம் ஒன்று உண்டு. பெயர் கிளாத்ரின். அது இறாலில் இருப்பதைக் காட்ட, அதை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடி வேண்டும். ஒட்டினால் எக்ஸ்ரே ஃபிலிமில் ஒரு கறுப்புக் கோடு விழும். கோடு இல்லாமல் தீசிஸ் இல்லை. உதவித்தொகையோ அந்த வருடத்தோடு முடிகிறது.

விடிந்ததும் கூடுவாஞ்சேரியிலிருந்து பஸ் மாறி மாறித் திருவிடந்தைக் கரைக்குப் போய், துள்ளுகிற இறாலாகப் பொறுக்குவேன். மீன்கார அம்மாவுக்கு என்னைக் கண்டாலே எரிச்சல்.

“உசுரோட இருந்தா இன்னா, செத்துப்போனா இன்னா? கொழம்புல எல்லாம் ஒண்ணுதாம்மா. வாங்கிகினு கெளம்பு.”

வாளியோடு பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்டில் யாரும் உட்கார மாட்டார்கள்.

ஆன்டிபாடி வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு சின்னக் குப்பி. என் வழிகாட்டிப் பேராசிரியர் அதைப் பெட்டியோடு ஃப்ரீசரில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். கேட்டால், கோயிலில் தீர்த்தம் கொடுப்பதுபோல ஒரு சொட்டு தருவார். அந்தச் சொட்டைக் கரைத்து, பயன்படுத்தி, திரும்பக் குழாயில் ஊற்றி வைத்து, அதையே வைத்து ஐந்தாறு தடவை இறால் சாற்றில் சோதனை ஓட்டுவோம். கோடு விழவில்லை. ஒரு வருடம் முழுக்க விழவில்லை.

“ஆன்டிபாடில ஒரு குறையும் இல்லம்மா. உன் கைதான் சரியில்ல” என்பார்.

அவர் சொல்லச் சொல்ல நானும் நம்பிவிட்டேன். வீட்டில் காபி சிந்தினால்கூட என் கையைத்தான் சந்தேகத்தோடு பார்ப்பேன்.

மகள் கல்யாணத்துக்கு அவர் லீவு போட்டார். கரண்ட் போனால் ஃப்ரீசரில் ஐஸ் வைக்க வேண்டுமே என்று சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். பெட்டியைத் திறந்து பார்த்தேன். உள்ளே நாலாக மடித்த காகிதம், யாரும் பிரிக்காதது. மனிதன், எலி, சுண்டெலி ஆகியவற்றில் மட்டுமே சோதித்தது என்று அதில் அச்சடித்திருந்தார்கள். இறாலின் பேச்சே இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. பக்கத்து லேபில் கொஞ்சம் எலி மூளைச் சாறு வாங்கி, இறால் சாற்றுக்குப் பக்கத்திலேயே ஓட்டினேன். எலிக்குப் பட்டையாகக் கோடு விழுந்தது. இறாலுக்கு ஒன்றுமே இல்லை.

அவர் திரும்பி வந்ததும் ஃபிலிமையும் காகிதத்தையும் மேசைமேல் வைத்தேன். நிதானமாகப் படித்தார்.

“இத ஏம்மா முன்னாடியே படிக்கல?”

“பெட்டி உங்க பூட்டுக்குள்ள இருந்துது சார்.”

அவர் காகிதத்தைத் திரும்ப நாலாக மடித்து வைத்தார். வேறு ஆன்டிபாடி வரவழைக்க மாதக்கணக்காகும். அதற்கு நீட்டிப்பு விண்ணப்பம் கொடுக்க வேண்டும். அவரே பேனாவை எடுத்து நிரப்பினார். தாமதத்துக்கான காரணம் என்ற இடத்தில், ‘மாணவியின் அனுபவக் குறைவு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதை அங்கேயே கிழித்துப் போடலாம் போலிருந்தது. அந்தக் கையெழுத்து இல்லாமல் உதவித்தொகை வராது. வாங்கிக்கொண்டு போய் அலுவலகத்தில் நானே கொடுத்தேன்.